பந்தயக் குதிரை: ஓடுவது யார் பணத்தில்?

மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் காலை ரயிலில் நம்மவர்கள் பேசிக்கொள்ளும் விஷயங்கள் பல. சம்பளம், கான்ட்ராக்டர், ஓவர்டைம், பிள்ளைகளின் பீஸ் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் மட்டும் நான்கு பேர் தலையோடு தலை சேர்த்துக் குதிரைகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். முன்பு கையில் ரேஸ் புத்தகம் இருந்தது. இப்போது செல்போன் இருக்கிறது. முணுமுணுப்பு மட்டும் மாறவில்லை.

பந்தயம் கட்டிக் கெட்ட குடும்பங்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதாத நாள் இல்லை. அது நியாயமே. ஆனால் ஒரு கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. பந்தயம் கட்டுகிறவன் தோற்கிறான் என்றால், குதிரையின் சொந்தக்காரர் ஜெயிக்கிறாரா? குதிரை வைத்திருப்பவர் கொழுக்கிறார் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறுவிதமாக இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்தின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதமாக உயர்ந்தது. சென்னை கிண்டி மைதானம் 2024-ல் சீல் வைக்கப்பட்டது. ஊட்டி மைதானமும் அதே ஆண்டில் கிளப்பின் கையைவிட்டுப் போனது. பெங்களூர் மைதானத்தின் தலைக்கு மேல் கத்தி தொங்கத் தொடங்கி வருஷம் பதினைந்துக்கு மேல் ஆகிறது. இந்த நேரத்தில் இந்தத் தொழிலின் உள்கணக்கைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. காரணம், இந்த லாயங்களில் கூலிக்கு நிற்பவர்களில் நம் ஜனங்களும் உண்டு. கவுண்டரில் காசு கட்டுகிறவர்களிலும் நம் ஜனங்கள் உண்டு.

யானையைக் கட்டித் தீனி போடுவது

ஒரு பந்தயக் குதிரை எப்படி உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். பந்தயத்தில் ஓடுவது தரோபிரெட் என்னும் ஒரே ஜாதிக் குதிரைதான். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மூன்று கிழக்குத் தேசத்து ஆண் குதிரைகளிலிருந்து வந்த வம்சம் அது. உலகில் எந்த மைதானத்தில் ஓடும் தரோபிரெட் குதிரையின் வம்சாவளியையும் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால், ஆண் வழியில் அந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

பெட்டைக் குதிரை சுமப்பது பதினொரு மாதம். போடுவது ஒரு குட்டி. அந்தக் குட்டி ஓடத் தயாராவதற்குள் இரண்டு வயது தாண்டிவிடும். அதுவரை பண்ணைச் செலவு. பிறகு ஏலம் அல்லது நேர் விலை. பிறகு டிரெயினரின் லாயம். லாயத்துக்கு வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் பில் வரும். குதிரை ஓடினாலும் வரும், நொண்டினாலும் வரும்.

பில்லில் என்னென்ன இருக்கும்? ஓட்ஸ், கொள்ளு, தவிடு, குதிரை மசால், உலர்ந்த புல். சயிஸின் கூலி. சவாரி பழக்கும் ஆளின் கூலி. மாதம் ஒருமுறையாவது மாற்றவேண்டிய லாடம். ஓட்டத்தன்று இரும்பு லாடத்தைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகட்டு லாடம் அடிக்க வேண்டும். வயிற்றுவலி வந்தால் டாக்டர். காலில் நரம்பு வீங்கினால் எக்ஸ்ரே. ஊர்விட்டு ஊர் போக வேண்டுமென்றால் தனி வண்டி. குதிரை ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி. அந்த எடை முழுவதும் ஓட்டத்தின்போது நிற்பது நம் மணிக்கட்டைவிடச் சற்றே தடித்த எலும்புகளின் மேல். ஒரு நாள் கால் இடறினால் அத்தனை முதலும் புல்லோடு புல்லாய்ப் போய்விடும்.

புரிவதற்காக ஒரு கணக்கு

ஒரு சிறு மைதானத்தில் ஓடும் குதிரைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்க்கலாம்.

குட்டியின் விலை 10 லட்சம் ரூபாய் என்று வைப்போம். மாதச் செலவு 40 ஆயிரம். முதல் வருஷம் பயிற்சிதான், ஓட்டம் இல்லை. செலவு 4 லட்சத்து 80 ஆயிரம். அதன்பின் மூன்று வருஷம் ஓடுகிறது. செலவு 14 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் 29 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

குதிரை ஜெயிக்கும் பரிசு முழுவதும் சொந்தக்காரருக்கு வராது. டிரெயினருக்கு ஒரு பங்கு, ஜாக்கிக்கு ஒரு பங்கு, லாயத்து ஆட்களுக்கு இனாம். இவை எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைப்போம். அப்படியானால் போட்ட பணம் கைக்கு வர, 36 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் பரிசு ஜெயிக்க வேண்டும். ஒரு வெற்றிக்கு 2 லட்சம் பரிசு என்றால் பதினெட்டு வெற்றிக்கு மேல் தேவை. மூன்று வருஷத்தில் பதினெட்டு முறை முதலில் வரும் குதிரை ஒரு சிறு மைதானத்தில் அகப்படுமா? அப்படிப்பட்ட குதிரை அகப்பட்டால் அது சிறு மைதானத்தில் நிற்குமா?

"காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப்போலப் பறக்கவும் வேண்டும்" என்று நம் கிராமங்களில் கேலி பேசுவார்கள். லட்சக்கணக்கில் கொடுத்தாலும் காற்றைப்போலப் பறக்கும் என்பதற்கு ஜாமீன் இல்லை. வம்சம் பார்த்து வாங்கலாம், காலைப் பார்த்து வாங்கலாம். மனசை யார் பார்ப்பது? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் குதிரைகள் உயர்ந்த வம்சத்திலும் உண்டு.

ஜெயித்தால் தண்டனை!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாதாரணப் பந்தயங்களில் பெரும்பாலானவை 'ஹாண்டிகேப்' முறையில் நடப்பவை. குதிரை ஜெயிக்க ஜெயிக்க அதன் முதுகில் எடையை ஏற்றுவார்கள். வேகமான குதிரை 60 கிலோவுக்கும் மேல் சுமந்து ஓட வேண்டும். மந்தமானது 50 கிலோ அளவில் சுமந்தால் போதும். ஜாக்கியின் உடல் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கம்பத்தைத் தாண்ட வேண்டும் என்பதுதான் ஹாண்டிகேப்பரின் ஆசை.

ஏன் இப்படி? ஒரே குதிரை எப்போதும் ஜெயித்தால் யாரும் பந்தயம் கட்ட வரமாட்டார்கள். எது ஜெயிக்கும் என்று தெரியாமல் இருந்தால்தான் கவுண்டரில் கூட்டம் சேரும். ஆகவே, பணம் கட்டுகிறவனின் ஆர்வத்துக்காகக் குதிரைக்காரரின் வெற்றி தடுக்கப்படுகிறது. இவருடைய லாபமும் அவனுடைய நஷ்டமும் ஒரே நூலில் கட்டப்பட்டவை என்பதற்கு இது முதல் அடையாளம்.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது அடையாளம் இதைவிட முக்கியமானது. பத்துக் குதிரை ஓடினால் ஜெயிப்பது ஒன்று. நான்கைந்துக்குச் சில்லறைப் பரிசு. மற்றவை வெறுங்கையோடு திரும்பும். ஆகவே சொந்தக்காரர்கள் அனைவரையும் ஒரே கூட்டமாகப் பார்த்தால், அவர்கள் செலவழிப்பது எப்போதும் அதிகம். பரிசாகத் திரும்புவது எப்போதும் குறைவு. வெளியிலிருந்து பணம் வந்தால்தான் இந்த வண்டி ஓடும்.

அந்த வெளிப்பணம் எது? டோட் கவுண்டரில் கட்டப்படும் பணம்தான். டோட் என்பது ஒரு பொது உண்டியல். எல்லாரும் கட்டிய பணத்தைச் சேர்த்து, அதிலிருந்து வரியையும் கிளப்பின் கமிஷனையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சரியான குதிரையின் மேல் கட்டியவர்களுக்குப் பங்கிடுகிறார்கள். கிளப் எடுத்துக்கொள்ளும் பங்கிலிருந்தும் புக்கிகளிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தும்தான் மைதானப் பராமரிப்பு, ஊழியர் சம்பளம், பரிசுப் பணம் எல்லாம். கம்பெனிகள் கோப்பைக்கு விளம்பரப் பணம் கொடுப்பதும் உண்டு. அடிப்படை வருமானம் மட்டும் கவுண்டரில்தான் பிறக்கிறது.

ஆகப் படம் இப்படி இருக்கிறது. மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகும் தொழிலாளி கட்டிய நூறு ரூபாயில் ஒரு துளி, குதிரைக்காரரின் பரிசாகப் போய்ச் சேருகிறது. அந்தப் பரிசு அவருடைய செலவு முழுவதையும் ஈடுகட்டுவதில்லை. இருவருமே இழக்கிறார்கள். குதிரைக்காரர் இழப்பது அவருடைய உபரிப் பணம். தொழிலாளி இழப்பது அரிசிப் பணம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நாற்பது சதவிகிதம் என்ன செய்யும்?

இந்த உண்டியலின் மேல்தான் இப்போது வரி ஏறியிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 28 சதவிகிதம் என்றார்கள். கமிஷன் மீது வரியா, கட்டிய பணம் முழுவதன் மீதும் வரியா என்று வழக்கு வந்தது. பெங்களூர், மைசூர் கிளப்புகள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் மாதம் கர்நாடக ஹைகோர்ட், கமிஷனுக்கு மட்டும்தான் வரி என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டமே திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணம் முழுவதற்கும் வரி என்றானது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவிகிதம். அதாவது நூறு ரூபாய் பந்தயத்துக்கு நாற்பது ரூபாய் வரி. அதே நாளில் உயிருள்ள குதிரையின் மீதான வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நூற்றுக்கு நாற்பது வரி என்றால் மக்கள் ரேஸை விட்டுவிடுவார்கள் என்று சர்க்கார் நினைக்கலாம். சிலர் விடுவார்கள். வேறு சிலர் வரி கட்டாத திருட்டுப் புக்கியிடம் போவார்கள். அவனிடம் ரசீது இல்லை, கணக்கு இல்லை, கோர்ட்டும் இல்லை. அவன் கடனுக்கும் பந்தயம் வாங்குவான். கையில் உள்ள காசு தீர்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிய மனிதன், அங்கே கையில் இல்லாத காசையும் தோற்றுவிட்டுத் திரும்புவான். "குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்ற கதைதான்.

டோட்டில் பணம் குறைந்தால் பரிசும் குறையும். பெரிய மைதானங்கள் கோப்பை விளம்பரங்களைக்கொண்டு சமாளிக்கலாம். சாமுண்டி மலையடிவாரத்து மைசூர் மைதானம் போன்ற சிறு மைதானங்களுக்கு அந்த வசதி குறைவு. தசரா காலத்துக் கூட்டமும், மற்ற ஊர்ப் பந்தயங்களை டி.வி.யில் காட்டி வாங்கும் பந்தயப் பணமும்தான் அவற்றுக்குப் பலம். மைசூர் குதிரைக்காரருக்கு மாதச் செலவு பெங்களூர்க்காரருக்குச் சற்றுக் குறையலாம். குதிரை தின்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

பின் ஏன் வைத்திருக்கிறார்கள்?

இத்தனை நஷ்டம் என்றால் ஏன் ஒருவர் குதிரை வாங்குகிறார்? இதற்குப் பணக் கணக்கில் விடை இல்லை. விடியற்காலை பனிமூட்டத்தில் தன் குதிரை மூச்சுவிட்டுக்கொண்டு ஓடி வருவதைக் கம்பியில் சாய்ந்து பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. தான் வைத்த பெயரை ஒலிபெருக்கியில் கேட்பதும், தன் பெயரில் பதிவான வர்ணச் சட்டையை ஜாக்கி அணிந்து வருவதைப் பார்ப்பதும் அவருக்குப் பெருமை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெயித்த குதிரையைக் கடிவாளம் பிடித்துக் கூட்டத்தின் நடுவே நடத்திக்கொண்டு வரும் அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறது. அந்த இரண்டு நிமிஷப் போட்டோவை வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக முப்பது லட்சம் செலவழித்தவர்கள் உண்டு.

இதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. நம்மிலும் ஜல்லிக்கட்டுக் காளைக்குத் தன் சாப்பாட்டைப் பிடுங்கிப் போடுகிறவர் உண்டு. ஓடாத புறாவுக்குக் கம்பு வாங்கிப் போடுகிறவர் உண்டு. ஆசை எல்லா மனிதனுக்கும் ஒன்றே. அதன் விலைதான் வேறு.

தமிழர்களிலும் இந்த ஆசைக்குப் பெரிய பெயர்கள் உண்டு. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி, 2015-ல் மறையும் வரை இந்தியாவின் மிகப் பெரிய குதிரைச் சொந்தக்காரர்களில் ஒருவராக விளங்கினார். நாட்டின் எல்லாப் பெரிய மைதானங்களிலும் அவருடைய குதிரைகள் கோப்பை வாங்கின. ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனும் குதிரைப் பிரியர். தம் குதிரை ஒன்றின் பெயரையே ஸ்டூடியோவுக்கு வைத்தார் என்று சினிமா உலகில் சொல்வார்கள். இவர்கள் எல்லாம் வேறு தொழிலில் சம்பாதித்து இதில் செலவழித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குதிரையில் சம்பாதித்து வேறு தொழில் தொடங்கியவர் என்று யாரையாவது காட்ட முடியுமா?

இப்போது பங்குக் குதிரை என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. நாலு பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு குதிரை வாங்குகிறார்கள். செலவு பத்தில் ஒரு பங்கு என்பதால் நடுத்தர வர்க்கத்தாருக்கும் சபலம் தட்டுகிறது. ஒரு குமாஸ்தா நண்பர் இதைக் கேட்டால் நாம் சொல்லக்கூடியது இதுதான்: நஷ்டத்தைப் பத்தாகப் பிரித்தாலும் அது நஷ்டம்தான். மாதாமாதம் பில் வரும்போது பத்துப் பேரில் மூன்று பேர் போனை எடுக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடையும் தீர்ப்பும்

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. தமிழ்நாட்டில் 1974-ல் கருணாநிதி அரசு அதற்காகச் சட்டமே கொண்டுவந்தது. சென்னை ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் இயற்றியது. இரண்டு வழக்குகளுக்கும் 1996 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, அதில் ஓடுவதும் கணிப்பதும் திறமை என்று கூறி, 1986 சட்டத்தைச் செல்லாது என்றது.

திறமை என்று கோர்ட் சொன்னது சட்டத்துக்குச் சரி. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. திறமை உள்ள பத்துப் பேர் ஒரு உண்டியலில் நூறு நூறு ரூபாய் போட்டு, அதில் பெரும்பகுதியை வரியாகவும் கமிஷனாகவும் வெளியே எடுத்துவிட்டால், திறமையால் அந்தப் பணம் குட்டி போடாது. ஒருவர் ஜெயிக்க ஒன்பது பேர் தோற்றே ஆக வேண்டும்.

சட்டத்தால் முடியாதது நிலத்தால் முடிந்தது. மைதானங்கள் பெரும்பாலும் சர்க்கார் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவை. கிண்டியில் 160 ஏக்கர் நிலம், 1940-களில் ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்பது அரசின் கணக்கு. 2023-ல் ஹைகோர்ட் அதைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. ஊட்டியில் 52 ஏக்கர் மைதானத்தை 2024 ஜூனில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கும் பாக்கி 800 கோடிக்கு மேல் என்றார்கள்.

பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கத்தில், நாம் ரயிலைவிட்டு இறங்கி நடந்தே போகும் தூரத்தில், சுமார் 85 ஏக்கர் மைதானம் இருக்கிறது. அதன் குத்தகை 2009 இறுதியோடு முடிந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது அரசின் வாதம். வழக்குகள் தொடர்ந்தன. 2024-ல் பந்தயம் நடத்த மாநில அரசு அனுமதி மறுத்தது. ஜூனில் ஹைகோர்ட்டின் தனி நீதிபதி இடைக்கால அனுமதி கொடுத்தார். சில நாட்களிலேயே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. சிங்கப்பூரில் 1842-ல் தொடங்கிய டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5-ல் கடைசிப் பந்தயத்தை ஓட்டியது. வீடு கட்டவும் மற்ற தேவைகளுக்கும் நிலம் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே சொல்லிவிட்டது. சூதாட்டத்துக்கே பெயர் போன மகாவிலும், நஷ்டம் தாங்காமல் குதிரைப் பந்தயம் 2024 ஏப்ரல் 1-ல் முடிந்துபோனது. சூதாட்டத் தலைநகரத்திலேயே குதிரைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நமக்குத் தெரிந்த கதை

இங்கே மைசூர் மைன்ஸ்காரர்களாகிய நாம் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். நஷ்டம், குத்தகை, கேட்டில் பூட்டு என்ற வார்த்தைகள் நமக்குப் புதியவையா?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோது ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் இந்த மண்ணுக்கடியில் வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. கடைசியில் டன்னுக்கு மூன்று, நான்கு கிராம் என்றானபோது, எடுக்கும் செலவு எடுக்கும் தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு என்று கணக்குக் காட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் கேட் மூடப்பட்டது. கணக்கு தவறு என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் நம் வயிறு ஒரு அயிட்டமாகச் சேர்க்கப்படவில்லை என்பதுதான் நம் குறை. பாக்கிப் பணத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறினோம். அன்று ரயிலேறியவர்கள்தான் இன்றும் பெங்களூருக்கு ரயிலேறிக்கொண்டிருக்கிறோம்.

தங்கம் எடுக்கும் சுரங்கம் நஷ்டம் என்றதும் மூடிவிட்டார்கள். தங்கத்தைத் தின்னும் குதிரை நஷ்டம் என்று தெரிந்தும் வைத்திருக்கிறார்கள். ஏன்? சுரங்கத்தின் நஷ்டம் சர்க்காருடையது. குதிரையின் நஷ்டம் ஒரு தனி மனிதரின் ஆசைக்கு அவர் கொடுக்கும் விலை. தம் காசை எப்படிச் செலவழிப்பது என்பது அவர் பாடு. சர்க்கார் நிலத்தை நாற்காலி வாடகைக்கும் குறைந்த தொகைக்கு அனுபவிப்பது மட்டும் அவர் பாடு ஆகாது. அந்த வகையில் கிண்டியிலும் ஊட்டியிலும் நிலம் பொதுமக்களுக்குத் திரும்பியதை நாம் தாராளமாக வரவேற்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மைதானத்துக்குச் சீல் வைத்தால் குதிரைக்காரர் என்ன செய்வார்? குதிரையை வேறு ஊருக்கு அனுப்புவார், விற்பார், போதும் என்று விட்டுவிடுவார். குதிரை என்ன ஆகும்? நல்ல குதிரை பண்ணைக்குப் போகும். சில சவாரிப் பள்ளிக்குப் போகும். சில, பாம்புக்கடி மருந்துக்கு ரத்தம் கொடுக்கும் சீரம் பண்ணைக்குப் போகும். வண்டியில் பூட்டப்படுவதும் உண்டு. குதிரைக்குக்கூட ஏதோ ஒரு வழி இருக்கிறது.

சயிஸ் என்ன ஆவான்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு குதிரைக்கோ இரண்டுக்கோ தண்ணீர் காட்டி, உருவிவிட்டு, நடத்திவிட்டு, லாயத்து ஓரத்திலேயே படுத்துக்கொள்பவன் அவன். அவனுக்குக் குதிரையைத் தவிர வேறு வேலை தெரியாது. அவனுடைய முதலாளி யார் என்பதே பல சமயம் தகராறு. கிளப் தன் ஆள் இல்லை என்னும்; டிரெயினர் கைவிரிப்பார்; குதிரைக்காரருக்கு அவன் பெயரே தெரியாது. லாடக்காரன், புல் கொண்டுவருபவன், கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் தினக்கூலி குமாஸ்தா என்று பட்டியல் நீளும். கேட் மூடும்போது வெளியே நிற்பவர்கள் இவர்கள். அந்த நிலை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன?

நாம் சொல்வது நீளமானது அல்ல. மைதானங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகட்டும், மூடுவதென்றால் மூடட்டும். அதற்கு முன் அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் யார் கொடுப்பது என்று எழுத்தில் முடிவாகட்டும். நாற்பது சதவிகிதம் வரி வாங்கும் சர்க்கார், அதில் ஒரு துளியை லாயத்துத் தொழிலாளியின் மறுவாழ்வுக்கு ஒதுக்குவதில் குறைந்துபோகாது. 2001-ல் இதையெல்லாம் முன்கூட்டிச் செய்திருந்தால் நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

ரயில் மூலையில் முணுமுணுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிரையை வாங்கி, வளர்த்து, அதன் காலையும் குடலையும் நாள்தோறும் டாக்டரைவிட்டுப் பார்க்கும் பணக்காரருக்கே அது எப்போது ஓடும் என்று தெரியவில்லை. ஓடாத நாட்களுக்கான பில்லைக் கட்ட அவரிடம் வேறு தொழில் இருக்கிறது. நம்மிடம் அந்த வேறு தொழில் இல்லை. நம் தொழில் சாயங்காலம் திரும்பிப் போகும் இதே ரயிலில்தான் இருக்கிறது. டிக்கெட்டுக்கு மட்டும் காசை மிச்சம் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பிழைப்பை நம் அப்பன்மார் சுரங்கத்தில் இறங்கிச் சம்பாதித்துத் தரவில்லை.